கள்ளுக்கடையின் முன்வாசல்

மதுவிலக்கு வந்து கடையைப் பூட்டி ஐந்து வருடமாகியும் சுயம்புவுக்குக் கள்ளுக்கடைக்காரன் என்ற பெயர் போகவில்லை. செங்கல் ஊரிலிருந்து காரோடு ஊருக்குப் போகிற வழியில் அவரிடம் குடித்தவர்கள் அத்தனை பேரும் யோக்கியர்களாகிவிட்டார்கள். சந்தையில் அவரைக் கண்டால் வெற்றிலைக் கட்டில் கண்ணை ஊன்றிக்கொண்டார்கள். குடித்தவனெல்லாம் திருந்தினானாம், ஊற்றிக் கொடுத்தவர் மட்டும் திருந்தவில்லையாம். ஊர் நியாயம் அப்படி.

சுயம்பு அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ஒன்றுதான். கூடப்பிறந்த தங்கை ஆனந்தபாய் பன்னிரண்டு வருடமாக அவர் வாசற்படி ஏறவில்லை. கடையும் வீடும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. அவள் புருஷன் ராஜையா பள்ளிக்கூட வாத்தியார். கள் மணக்கிற வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சுயம்புவின் மனைவி குமாரி இறந்த அன்றுகூட ஆனந்தபாய் ரோட்டில் நின்று அழுதுவிட்டு அப்படியே திரும்பிப் போனாள்.

ஆகவே, கடற்கரைக்காரன் பயஸ் ஆர்மோனியமும் கையுமாக வந்து நின்றபோது சுயம்பு அதிகம் யோசிக்கவில்லை.

"அண்ணே, கடை சும்மா கெடந்து கறையான் அரிக்குது. நாடகம், பாட்டு, வில்லடி எல்லாத்துக்கும் ஊருக்கு ஒரு எடமா ஆக்கிப் போடுவோம்" என்றான் பயஸ்.

"ஆக்கு மக்கா. ஆனா முன்வாசல் தெறந்து கெடக்கணும். குடும்பத்தோட வரணும் ஆளுவ."

இரண்டு வாரம் வேலை நடந்தது. சுவரில் ஊறியிருந்த வாடை போக மூன்று தடவை சுண்ணாம்பு அடித்தார்கள். காலிப் பீப்பாய்களைக் கவிழ்த்து, மேலே பலகை அடித்து, பின்சுவரை ஒட்டி மேடை கட்டினார்கள். பயஸின் மனைவி வயலட்டிடம் சுயம்பு தங்கைக்குச் சொல்லியனுப்பினார். "இப்ப அங்க கள்ளு இல்ல, பாட்டாக்கும்னு சொல்லு. முன்வாசல் வழியா வரச் சொல்லு."

எல்லாம் சரிதான், காலம் சரியில்லை. மலையாள ஆட்சியில் இருந்த தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கவேண்டும் என்ற போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நாலு தமிழர்கள் ஒன்றாக நின்று தும்மினாலே போலீசுக்கு அது பொதுக்கூட்டம். கல்யாணத் தரகனைப் பற்றிய சிரிப்பு நாடகம், அதிலும் பாதி வசனம் மலையாளம் என்று பயஸ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். பலிக்கவில்லை. நாடகத்தன்று மத்தியானமே ஒரு கான்ஸ்டபிள் வந்து முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நோட்டை விரித்துவிட்டார். வருகிறவர்கள் பெயரெல்லாம் எழுதப்படுமாம்.

மணி நாலு. நாற்காலியைத் தூரத்திலேயே பார்த்தவர்கள் ரோட்டு வளைவிலேயே திரும்பிவிட்டார்கள். பெஞ்சுகள் காலி. சலவை வேட்டி கட்டி நின்ற சுயம்பு, நம்ம தலையெழுத்து இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் மேடைக்குப் பின்னால் சத்தம் கேட்டது.

ஊர்க்காரர்களுக்கா வழி தெரியாது? மரச்சீனிக்கிழங்குத் தோட்டத்துக்குள் புகுந்து, முள்வேலியைத் தாண்டி, பழைய பின்வாசல் வழியாகப் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்துகொண்டிருந்தார்கள். பின்வாசலுக்கு உள்ளே, மேடையில் வந்து முடிகிற, பகலிலும் இருட்டான ஓர் இடைவழி. அதன் நடுவில் தாழ்ந்த உத்தரம் ஒன்று. முன்னால் வந்த ஆண்கள், தெய்வத்தின் மேல் சத்தியம் செய்து கள்ளைத் தொட்டதே இல்லை என்றவர்கள் உட்பட, நடையைக்கூடக் குறைக்காமல் சரியான இடத்தில் தலையைக் குனிந்தார்கள். பின்னால் வந்த மனைவிமார்கள் ஒருவர் மிச்சமில்லாமல் நெற்றியை இடித்துக்கொண்டார்கள். தரகன் வேஷத்தில் நின்ற பயஸைத் தாண்டி, நெற்றியைத் தேய்த்தபடி, புருஷனை முறைத்தபடி மேடையிலிருந்து இறங்கினார்கள். பயஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசியில் ராஜையா வந்தார். அவரும் குனிந்தார், அளவு பிசகாமல். பின்னால் 'டம்' என்று ஒரு சத்தம்.

"குனிஞ்சு வரப்படாதா? அங்க உத்தரம் உண்டுல்லா?" என்றார் வாத்தியார், பழக்கதோஷத்தில்.

ஆனந்தபாய் மேடை ஓரத்திலேயே நின்றுவிட்டாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

ராஜையா அவசரமாக மேடையிலிருந்து இறங்கினார். அவள் அண்ணனைப் பார்த்தாள். சுயம்பு தரையைப் பார்த்தார்.

"அண்ணனாவது ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"வந்து குடிச்சவனுக்க பேரை வெளிய சொல்லப்படாதும்மா. கடைக்காரனுக்கு அதொரு மொறையாக்கும்."

"குமாரி மைனி செத்து கெடந்தப்பவும் சொல்லல்லியே."

சுயம்பு மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார். நிமிர்ந்தபோது ஆனந்தபாய் அங்கே இல்லை. வந்த வழியே திரும்பிப் போயிருந்தாள். போய்விட்டாள், இனி ஜென்மத்துக்கும் வரமாட்டாள் என்றே அவர் நினைத்தார். ஆர்மோனியத்தை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பயஸ் நின்றான்.

முன்வாசலில் கான்ஸ்டபிளின் குரல் கேட்டது. "பேரெந்தா?"

எல்லோரும் திரும்பினார்கள். வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, நெற்றி வீங்கியபடி, ஆனந்தபாய் நாற்காலிக்கு முன்னால் நின்றாள். உள்ளேயிருந்து ராஜையா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"ஆனந்தபாய். ராஜையா வாத்தியாருக்க பெஞ்சாதி" என்றாள். அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தாள். "அதுக்க கூட இதையும் எழுதும். கள்ளுக்கடை சுயம்புக்க தங்கச்சியாக்கும்."

பிறகு வாசற்படி ஏறினாள்.