விசிறிச் சத்தம்

கன்னிகா திருப்பதியை ஒட்டிய திருச்சானூருக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கணவன் லோகேஸ்வரனுக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவான். விழுப்புரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள், அந்த வேலையை விட்டுவிட்டு அவனோடு வந்தாள். தெலுங்கு தெரியாது. காய்கறிக் கடையில் விரலை நீட்டிக் காட்டி வாங்குவாள். பக்கத்து வீட்டு அம்மா ஏதாவது கேட்டால் சிரித்துவைப்பாள். கோயிலில் தாயாரைச் சேவிக்க வந்த யாத்ரீகர்கள் யாராவது தமிழ் பேசிக்கொண்டு தெருவில் போனால், அவர்கள் முக்கு திரும்பும்வரை சன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு ஒரு வேலை தானாக வந்து சேர்ந்தது. பழைய பள்ளியில் கூட வேலை பார்த்த டீச்சர் ஒருத்தி, பார்வையில்லாதவர்களுக்குப் புத்தகம் வாசித்துப் பதிவு செய்து அனுப்பும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் கன்னிகாவைச் சேர்த்துவிட்டாள். சேர்ந்த மூன்றாம் நாள் அதில் ஒரு செய்தி வந்தது.

"சித்தூரில் இருந்து சுஷ்மிதா. இங்கே தமிழ் ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கிறேன். எனக்குப் பார்வை இல்லை. இலக்கணப் புத்தகம் போட்டோ எடுத்த பக்கங்களாகத்தான் கிடைக்கிறது. போட்டோவை என் கம்ப்யூட்டர் சரியாக வாசிப்பதில்லை. யாராவது வாசித்துத் தர முடியுமா?"

சித்தூர் என்ற பெயரைப் பார்த்ததும் கன்னிகாவுக்கு என்னவோ போலிருந்தது. ஒரு பஸ் தூரத்தில் தமிழ் இலக்கணம் கேட்க ஓர் ஆள் இருக்கிறாள். வேறு யாரும் முந்திக்கொள்வதற்குள், "நான் தருகிறேன்" என்று எழுதினாள்.

வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. லோகேஸ்வரனின் முந்தைய அலுவலகத்தில் பழசைக் கழித்தபோது வாங்கி வந்தது. வயது பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். ஒரு மைக்கைச் செருகி, முதல் பாடத்தை வாசித்து முடித்துக் கேட்டுப் பார்த்தாள். அவள் குரலுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் பெட்டியின் விசிறிச் சத்தம் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. கூச்சமாக இருந்தது. கூட்டிப் பெருக்காத வீட்டுக்கு விருந்தாளியைக் கூப்பிட்டுவிட்ட மாதிரி.

மறுநாள் பெட்டிமேல் ஒரு தடித்த போர்வையைப் போர்த்தினாள். சத்தம் பாதியாகக் குறைந்தது. அடுத்த வாரம் ஒரு தலையணையை அணைகொடுத்தாள். கடைசியில் பெட்டியைத் தூக்கி மர பீரோவின் கீழ்த்தட்டில் வைத்து, வயர்களை மட்டும் வெளியே விட்டு, கதவைச் சாத்தினாள். தெருச் சன்னலையும் மூடினாள். இப்போது கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்கவில்லை. அன்று சாயங்காலம் லோகேஸ்வரனிடம் ஒலிப்பதிவைப் போட்டுக்காட்டி, "ரேடியோ ஸ்டேஷன் மாதிரி இருக்கு இல்ல?" என்று கேட்டாள். அவனும் ஆமாம் என்றான்.

நாலைந்து மாதம் நன்றாகப் போனது. அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணத் தொடங்கியது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய் அடுப்பில் பருப்பு ஏற்றிவிட்டு வந்தாலும் திரை விழித்திருக்காது. ஒரு ஃபைலைத் திறந்தால் திரையில் வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே நிற்கும். பிறகு அது தானாகவே அணைய ஆரம்பித்தது. வாசித்துக்கொண்டிருப்பாள், இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆனதும் திரை கறுத்துப்போகும். அதுவரை வாசித்தது போச்சு. தொண்டை வறண்டு உட்கார்ந்திருப்பாள்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் திருப்பதிக்குப் போனாள். சாய்குமார் என்பவரின் சின்ன சர்வீஸ் கடை. அவர் மேசைமேல் வைத்து வயர் கொடுத்தார். பகல் முழுக்க அது சினிமாப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. ஒரு தடவைகூட அணையவில்லை.

"பிராப்ளம் ஏமீ லேது மேடம். பாகுந்தி" என்றார் சாய்குமார். அவள் முழிப்பதைப் பார்த்து, "நல்லா இருக்கு" என்று தமிழிலும் சொன்னார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் வைத்தாள். இருபத்திரண்டாவது நிமிடம் அணைந்தது. இரண்டாம் முறை கொண்டுபோனாள். சாய்குமார் அவள் பதிவுகளைத் தொடாமல் விண்டோஸைப் புதிதாகப் போட்டு, புது ஆண்டிவைரஸ் ஒன்றையும் போட்டுக் கொடுத்தார். வீட்டில் லோகேஸ்வரன் தன் பங்குக்கு இன்னொன்று போட்டான். மறுபடியும் அணைந்தது. மூன்றாம் முறை சாய்குமார் தலையைச் சொறிந்துகொண்டே, வீட்டுக் கரண்டில்தான் ஏதோ கோளாறு இருக்க வேண்டும் என்றார். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். கரண்டில் ஒரு கோளாறும் இல்லை.

கன்னிகா தனக்குத் தெரிந்த வழியில் சமாளித்தாள். பதினைந்து நிமிடம் வாசிப்பாள். சேமிப்பாள். பெட்டியை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருப்பாள். இப்படியே ஒரு நாளைக்கு மூன்று பக்கம் தேறினால் பெரிது. தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. புணர்ச்சி விதிகளில் பெரும்பகுதி அப்படியே பாக்கி நின்றது. ஒரு திங்கட்கிழமை பத்தாவது நிமிடத்திலேயே திரை கறுத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. போனை எடுத்து எழுதினாள்: "சுஷ்மிதா, என்னை மன்னித்துவிடும்மா. என் கம்ப்யூட்டர் முடிந்துவிட்டது. பாக்கிப் பாடங்களுக்கு வேறு யாரையாவது கேட்டுக்கொள். நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டேன்."

ஐந்து நிமிடத்தில் போன் அடித்தது. பத்து மாதமாக ஃபைல்களும் நன்றிகளும் போய் வந்திருந்ததே தவிர, இருவரும் பேசிக்கொண்டது இல்லை.

"அக்கா, நான் சுஷ்மிதா. அழுதுக்கினு இருக்கறீங்களா?"

"இல்ல" என்றாள் கன்னிகா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"உங்க கம்ப்யூட்டரு முடியல அக்கா. அதுக்கு மூச்சு முட்டுது, அவ்ளோதான். ரெண்டு மாசமா எனக்குத் தெரியும். சொன்னா தப்பா நெனச்சிக்குவீங்கனு சும்மா இருந்துட்டேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஃபைல்லயே கேக்குதே. மொதல்ல நீங்க அனுப்பினதுல ஃபேன் சத்தம் ஒரே சீரா இருக்கும். இப்ப, ஆரம்பத்துல ஒண்ணும் கேக்காது. அஞ்சாவது நிமிஷத்துல பொட்டிக்குள்ள வண்டு மாட்டிக்கின மாதிரி. பத்துல விசில் அடிக்குது. அப்புறம் உங்க கொரலு துண்டு துண்டா ஆவுது. சூடு ஏறினா கம்ப்யூட்டரு தன்ன காப்பாத்திக்க வேகத்த கொறச்சிக்கும். இன்னும் ஏறினா அணைஞ்சிடும். ஒற்று மிகுமா மிகாதானு சொல்ற எடத்துலயே ஒற்று காணாம பூடுது அக்கா. நான் எத்த படிக்கறது?"

கன்னிகாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "உனக்குக் காது ரொம்பக் கூர்மை" என்றாள்.

"அதெல்லாம் இல்ல அக்கா. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஹெட்போன் மாட்டிக்கினு இருந்தா யாருக்கும் கேக்கும். என் லேப்டாப்பும் இப்படித்தான் படுத்துச்சி. சூடானா எனக்குப் படிச்சி சொல்ற சாஃப்ட்வேரு வாய் கொழறும். ஹாஸ்டல்ல யாருக்கும் ரிப்பேரு தெரியாது. நானே ஒவ்வொண்ணா கத்துக்கினேன். சரி, பொட்டிய எங்க வச்சிருக்கீங்க?"

"பீரோவுல."

"பீரோ மேலயா?"

"உள்ள."

"கதவு?"

"சாத்தி இருக்கு."

"மேல ஏதாச்சும் இருக்குதா?"

"ஒரு போர்வை" என்றாள் கன்னிகா. பிறகு, சொல்லாமல் விடக் கூடாது என்று நினைத்து, "ஒரு தலகாணியும்" என்றாள்.

சுஷ்மிதா சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. கன்னிகாவுக்கு முகமெல்லாம் சூடானது. பின்பு அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சாய்குமார் கடை மேசைமேல் அது ஏன் பாடிக்கொண்டே இருந்தது என்பது இப்போது விளங்கியது. மூன்று முறை மடியில் சுமந்துகொண்டு போனாள். மூன்று முறையும் போர்வையை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் போனாள்.

"ஏன் அக்கா இப்படிப் பண்ணீங்க?"

"விசிறிச் சத்தம் உனக்கு இடைஞ்சலா இருக்குமேன்னுதான்."

சுஷ்மிதாவின் சிரிப்பு நின்றது. "எனக்காகவா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அன்று பகல் முழுவதும் போன் ஸ்பீக்கரில் இருந்தது. சுஷ்மிதா சொல்லச் சொல்ல, கன்னிகா பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டியை முற்றத்துக்கு இழுத்துவந்து பக்கத்துத் தகட்டைக் கழற்றினாள். பார்த்தவள் ஐயோ என்றாள்.

"இன்னா தெரியுது?"

"விசிறிக்கு அடியில அலுமினியத் தகடு வரிசையா இருக்கு. அதுமேல மெத்தை மாதிரி படிஞ்சிருக்கு. போர்வையோட நூல்கூட இருக்கு."

"அதான் அக்கா. காத்து போற வழி அது. வீட்ல பெயிண்ட் பிரஷ் இருக்குதா? புதுசா, காஞ்சதா இருக்கணும். விசிறிய ஒரு வெரலால புடிச்சிக்கினு தொடைங்க. சுத்த விடாதீங்க."

மெத்தை மெத்தையாகத் தூசி வந்தது. எல்லாவற்றையும் சுத்தம் செய்து, பெட்டியைச் சன்னலோரம் ஒரு ஸ்டூல்மேல் நாலு பக்கமும் காற்றுப் படும்படி வைத்துச் சுவிட்சைப் போட்டாள். அரை மணி நேரம் ஆனது. ஒரு மணி நேரம் ஆனது. அணையவில்லை. ஆனாலும் மந்தமாகத்தான் இருந்தது.

"அதுக்கு வேற காரணம். கண்ட்ரோலு, ஷிஃப்ட்டு, எஸ்கேப்பு, மூணையும் ஒண்ணா அழுத்துங்க. எனக்கு மவுஸ்ல சொல்ல வராது. கீயாத்தான் சொல்லுவேன்."

ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, திரையில் இருப்பதைக் கன்னிகா வாசித்துக்காட்டினாள். இரண்டு ஆண்டிவைரஸ்களும் ஒன்றையொன்று சந்தேகப்பட்டு நாள் முழுக்கத் துழாவிக்கொண்டிருந்தன. சுஷ்மிதா ஒன்றை எடுத்துவிடச் சொன்னாள். சுவிட்சைப் போட்டதும் கூடவே எழுந்து உட்காரும் ஏழெட்டு தேவையில்லாத மென்பொருள்களை நிறுத்தச் சொன்னாள். டிஸ்க்கில் மூச்சுவிட இடமில்லை. பிழையாக வாசித்த பழைய பதிவுகளையெல்லாம் கன்னிகா ஒன்றுகூட அழிக்காமல் வைத்திருந்தாள்.

"அதையெல்லாம் எதுக்கு அக்கா வச்சிருக்கீங்க?"

"தெரியல. ஒருத்தருக்காகத் தமிழ்ல பேசினது ஆச்சே, அழிக்க மனசு வரல."

"இனிமே எனக்குப் போன்ல பேசுங்க. அத்த அழிச்சிடுங்க."

அழித்தாள். திரும்பப் போட்டபோது, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் திரை எழுந்துவிட்டது.

"எல்லாம் சரிதான். விசிறிச் சத்தத்துக்கு என்ன பண்றது?" என்றாள் கன்னிகா.

"மைக்க கொஞ்சம் வாய்கிட்ட வச்சிக்கோங்க. மிச்சம் இருந்தா இருக்கட்டும் அக்கா. ஆரம்பத்துல ஷேர் ஆட்டோக்காரரு ஆர்டிசி பஸ்ஸ்டாண்டு, பஸ்ஸ்டாண்டுனு கத்தறதுகூட கேக்கும். அப்புறம் ஒண்ணுமே கேக்கல. நீங்க எங்கயோ கெணத்துக்குள்ள போயி உக்காந்துக்கின மாதிரி இருந்துச்சி."

மறுநாள் கன்னிகா பெட்டியோடு சாய்குமார் கடைக்குப் போய்ப் போர்வைக் கதையைச் சொன்னாள். பாதி தமிழ், பாதி சைகை. சாய்குமார் சிரிக்கவில்லை. "வீட்ல எங்க வச்சிருக்கீங்கனு நான் கேட்டிருக்கணும் மேடம். தப்பு நாதி, என் தப்புதான்" என்றார். விசிறியின் அடியில் சூட்டைக் கடத்துவதற்காகப் பூசி, காய்ந்து கிடந்த பசையைச் சுரண்டி, புதுப் பசை தடவிக் கொடுத்தார். எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர், தன் கடையில் சும்மா கிடந்த நல்ல மைக் ஒன்றைத் துடைத்து அவள் கையில் வைத்தார். "எக்ஸாம் முடிஞ்சதும் கொண்டாங்க, போதும்."

மூன்று வாரத்தில் புணர்ச்சி விதிகளை முடித்துவிட்டாள். எழுத்து ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. தினமும் சாயங்காலம் சுஷ்மிதா கூப்பிட்டாள். முதலில் பாடத்தில் சந்தேகம், பிறகு விடுதிச் சாப்பாடு, பிறகு எது வேண்டுமானாலும். தேர்வு நடந்தது. நாலு மாதம் கழித்து முடிவு வந்தது. சத்தியவேடு பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சுஷ்மிதாவுக்கு வேலை. முதல் போன் கன்னிகாவுக்குத்தான் பண்ணினாள்.

வேலையில் சேர்வதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாயாரைச் சேவித்துவிட்டு, சுஷ்மிதா தன் அப்பாவோடு வீட்டுக்கு வந்தாள். ஒல்லியான பெண். மடக்குக் கோலை ஒரு கையிலும் அப்பாவின் முழங்கையை ஒரு கையிலும் பிடித்திருந்தாள். அப்பா முனியப்பன் புத்தூர் பக்கம் விவசாயி. ஒரு சாக்கு வேர்க்கடலையைத் தோளிலிருந்து இறக்கினார்.

கன்னிகா சொல்ல வேண்டியதைக் காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்துவைத்திருந்தாள். சுஷ்மிதாவின் கையைப் பிடித்ததும் எல்லாம் மறந்துபோனது. "நீ மட்டும் அன்னைக்குப் போன் பண்ணலன்னா" என்று தொடங்கினாள்.

"நான் சொல்ல வேண்டியத நீங்க சொல்றீங்களே அக்கா" என்றாள் சுஷ்மிதா.

லோகேஸ்வரன் நாற்காலியை இழுத்துப் போட்டான். முனியப்பன் உட்காரவில்லை. கன்னிகாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"லீவுக்கு வீட்டுக்கு வந்தா எம் பொண்ணு உங்க பாடத்த சத்தமா வச்சிக்கினு கேக்கும்மா. ஒரு வருசமா எங்க வீட்ல உங்க கொரலு இருக்குது. நான் மாட்டுக்குத் தீனி வைக்கச் சொல்லோ கேப்பேன். மொகத்த இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார்.

"நைனாவுக்கும் இலக்கணம் தெரியும் அக்கா, வேணும்னா கேளுங்க" என்றாள் சுஷ்மிதா.

முனியப்பன் கூச்சத்தோடு துண்டைச் சரிசெய்தார். வகுப்பில் எழுந்து நிற்கிறவரைப் போலக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"அந்த, இந்த, எந்த. இதுங்களுக்குப் பின்னாடி வல்லினம் வந்தா ஒற்று மிகும்மா. அந்தக் கடலை. இந்தப் புள்ள" என்று சொல்லி, மகளின் தலையில் கையை வைத்தார்.

"ரொம்பச் சரி" என்றாள் கன்னிகா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இலை போடுவதற்காக உள்ளே போனாள்.