கதவுக்காரர்

எங்கள் அப்பா போரில் துப்பாக்கி பிடித்தவர் அல்ல. தரையிறங்கு கப்பலில் கதவுக்காரர். கப்பல் மூக்கை மணலில் முட்டி நின்றதும் முன்கதவைத் திறந்து படையை இறக்கிவிடுவதும், திரும்பி ஓடி வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு மூடுவதும் அவர் வேலை. கடைசி ஆள் ஏறியதும் "எல்லாரும் உள்ளே!" என்று அவர் குரல் கொடுக்க வேண்டும். அதுவரை கதவை அசைக்கக் கூடாது.

இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காத கடற்படை, அந்தக் கப்பலை உடைக்க அனுப்பும்போதுதான் அவரை நினைத்துக்கொண்டது. எட்டிப் பார்க்காத அண்ணனும் கோட்டும் சூட்டுமாக வந்து சேர்ந்தான்.

"அப்பாவுக்கு மரியாதை செய்யறாங்க, நாம இல்லாம எப்படி?" என்றான். அப்பாவுக்கு என்ன மருந்து, எந்த வேளைக்கு என்றுகூடத் தெரியாதவனுக்கு 'நாம'! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா வரச் சம்மதித்ததற்கு ஒரே காரணம்தான். கடைசிச் சண்டையில் இரண்டு பேர் கரையிலேயே விடப்பட்டுச் செத்தார்கள். அதற்குமேல் அவர்களைப் பற்றி யாரும் பேசியதில்லை, அப்பா உட்பட.

"மைக்ல அவங்க பேரைச் சொல்லணும். வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

"நான் அதிகாரிகிட்ட பேசிட்டேன்ப்பா. சொல்லலாம்" என்று அண்ணன் அடித்துச் சொன்னான்.

விழா கப்பலுக்குள்ளேயே, வண்டிகள் நிறுத்தும் கீழ்த்தளத்தில் நடந்தது. யார் யாரோ பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். அப்பாவின் முறை வந்தபோது அதிகாரி மைக்கைத் தரவில்லை. கதவின் நெம்புகோலைக் காட்டினார்.

"ஐயா, கடைசித் தடவையா நீங்களே மூடுங்க. பழைய மாதிரி குரலும் குடுக்கணும்!"

அப்பா அண்ணனைத் தேடினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். பேசவே இல்லை போலிருக்கிறது, பாவி.

நெம்புகோலில் கை வைத்தபடி, திறந்த கதவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அப்பா நின்றார். வாயைத் திறக்கவில்லை.

"வயசாயிடுச்சு, மறந்துட்டார்" என்று முன்வரிசையில் யாரோ சொல்ல, சிரிப்பு. அதிகாரியே மைக்கில் "எல்லாரும் உள்ளே!" என்று கூவினார். ஒரே கைத்தட்டல். அண்ணன் எழுந்து அப்பாவிடம் பாய்ந்து போனான்.

"மானத்தை வாங்காதீங்கப்பா, போட்டோக்காரர் காத்துட்டிருக்கார்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அப்பாவின் கைமேல் தன் கையை வைத்து அழுத்தினான்.

கதவு முனகிக்கொண்டே மூடியது. அப்பாவின் சட்டையில் பதக்கத்தைக் குத்தினார்கள். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். அவர் கண் மூடிய கதவிலேயே இருந்தது.

"என்னப்பா செய்யுது?"

அவர் திரும்பினார். அண்ணனைப் பார்த்துச் சொன்னார்:

"அன்னைக்கும் நான் குரல் குடுக்கலடா. ரெண்டு பேரும் தண்ணியில ஓடி வந்துட்டே இருந்தாங்க. இப்படித்தான், ஒருத்தர் என் கைமேல கையை வெச்சு அழுத்தினாரு."