குறையாத பருப்பு டப்பா

பருப்பு டப்பா குறையவே இல்லை. கணக்கு டீச்சருக்கு வயிற்றெரிச்சலே அதுதான்.

திருட்டு என்றால் டப்பா குறையத்தானே வேண்டும்? ஆனால் இது போன வாரம் அப்பாவுக்கென்றே தனியாக வாங்கி வைத்த டப்பா. தினம் நூறு கிராம் வீதம் ஒரு வாரத்தில் எழுநூறு கிராம் காலியாகியிருக்க வேண்டும். டீச்சர் தராசில் வைத்துப் பார்த்தாள். இருநூற்றைம்பது கிராம்தான் போயிருந்தது. அப்படியென்றால் மீதியை அந்த மகராசி அப்பாவுக்குப் போடவே இல்லை!

மகராசி என்றது தம்பி மனைவியை. அப்பா இருப்பது அவர்கள் வீட்டில். டீச்சர் வீடு இரண்டு தெரு தள்ளி.

இடுப்பு மூட்டு தேய்ந்துபோய் அப்பா நாற்காலியே கதி என்று கிடந்தார். "எலும்பும் தோலுமா இருக்கார். ஒரு மாசத்துல ரெண்டு கிலோ ஏத்திக் கூட்டிட்டு வாங்க, ஆபரேஷன் பண்ணிடலாம். ஆனா சர்க்கரை இருக்கு, கண்டபடி கொடுத்துடாதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடை ஏறாவிட்டால் ஆபரேஷன் கிடையாது. அப்பா இனி எழுந்து நடக்கப் போவதும் கிடையாது.

இருபத்திரண்டு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவளுக்கு இது ஒரு கணக்கா? பாக்கெட்டுகளைத் திருப்பி, கண்ணாடி போட்டுப் படித்தாள். பருப்பு நூறு கிராமுக்குப் புரதம் இருபத்துநாலு கிராம். அரிசி நூறு கிராமுக்குக் கலோரி முந்நூற்றைம்பது. முட்டை, பால் எல்லாம் சேர்த்துக் கூட்டி, அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

"தட்டுல வைக்கிறதை எடை போட்டு வை. ஒரு கிராம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"இது பத்துமா அண்ணி?" என்று தம்பி மனைவி இழுத்தாள்.

"கணக்கை எங்கிட்ட விடு. நீ சமையலை மட்டும் பாரு."

இரண்டு வாரத்தில் அப்பா ஒரு கிலோ இறங்கியிருந்தார். அன்றைக்குப் பிடித்தது சனி. டீச்சர் பள்ளிக்கூடம் போகும் வழியில் வந்து முட்டையை எண்ணினாள், பாலை முகர்ந்து பார்த்தாள், குப்பைக் கூடையைக்கூட விட்டுவைக்கவில்லை. தம்பி மனைவி கன்னம் கொஞ்சம் பூசினாற்போலத் தெரிந்தாலும் மனசு குறித்துக்கொண்டது. சந்தேகம் வந்துவிட்டால் கண்ணுக்கு வேறு வேலை ஏது? இப்போது டப்பாவே சாட்சி சொல்லிவிட்டது.

"எங்கப்பா வயித்துல அடிக்கிறியே, உனக்கே நல்லா இருக்கா?"

"என்ன அண்ணி இப்படிப் பேசறீங்க? தட்டுல நூறு கிராம் எடை பார்த்துத்தான் வைக்கிறேன்."

"அப்ப டப்பால இருக்கிறது என்ன, ஊறி வளருதா?"

தம்பி தன் பொண்டாட்டியை ஒரு மாதிரி பார்த்தான். "அக்கா கணக்குல தப்பு வராது. அப்பா கொஞ்ச நாள் அக்கா வீட்டுலயே இருக்கட்டும்" என்றான். தம்பி மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது, குரல் கலங்கவில்லை.

"நாளைக்கு உங்களுக்கு லீவுதானே? நீங்களே வந்து சமைச்சுப் போடுங்க. நான் அடுப்படிப் பக்கமே வரல."

மறுநாள் டீச்சர் நூறு கிராம் பருப்பைத் தன் கையாலேயே அளந்து குக்கரில் வேகவைத்தாள். கிண்ணத்தைத் தராசில் வைத்து ஊற்றினாள். இரண்டு கரண்டி விழுவதற்குள் தராசு நூறு காட்டியது. பாத்திரத்தில் பருப்பு அப்படியே கிடந்தது. அதையும் நிறுத்துப் பார்த்தாள். இன்னும் இருநூறுக்கு மேல்.

தராசை ஏதோ பண்ணி வைத்திருக்கிறாள் கள்ளி, என்றுதான் முதலில் தோன்றியது. அரைக்கிலோ உப்புப் பாக்கெட்டைத் தூக்கி வைத்தாள். அச்சுப் பிசகாமல் ஐந்நூறு.

டீச்சர் பருப்புப் பாக்கெட்டை மறுபடி திருப்பிப் படித்தாள். பாக்கெட்டில் போட்டிருந்தது வேகாத பருப்புக்கு. வெந்தால் தண்ணீர் குடித்து மூன்று மடங்காகிறது. தட்டில் விழுந்த நூறு கிராமில் புரதம் எட்டுதான். சோறும் அதே கதைதான். ஐயோ, மூன்று வாரமாக அப்பாவை அரைவயிறும் கால்வயிறுமாகப் போட்டது தன்னுடைய அட்டவணைதான்!

"என்னக்கா, கண்டுபிடிச்சியா?" என்று கூடத்திலிருந்து தம்பி கேட்டான்.

ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். அவள் மேல் பழி ஏற்கெனவே இருக்கிறது, யார் கேட்கப் போகிறார்கள்? அந்த நினைப்பு வந்ததே டீச்சருக்குக் கூசியது.

"கண்டுபிடிச்சுட்டேன்டா. தப்பு என்னோடது. வேகாததுக்குக் கணக்குப் போட்டு, வெந்ததை நிறுக்கச் சொல்லியிருக்கேன். இவ மேல ஒரு தப்பும் இல்ல."

தம்பி மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். "மொத நாளே கேட்டேனே அண்ணி" என்றாள்.

"கேட்ட. நான்தான் உன் வாயை அடைச்சேன். என்னை மன்னிச்சுடும்மா."

அவள் கரண்டியை வாங்கிப் பருப்பு முழுவதையும் சோற்றின் மேல் ஊற்றி, தட்டை டீச்சர் கையில் கொடுத்தாள்.

அப்பா தட்டைப் பார்த்தார், மகள் முகத்தைப் பார்த்தார். கை நீளவில்லை.

"இவ்வளவும் எனக்கா?"

"உங்களுக்குத்தாம்ப்பா. சாப்பிடுங்க."

அவர் தலை நிமிராமல் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். யாராவது தட்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்பதுபோல இடது கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். டீச்சருக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

"பசிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா?"

வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு அவர் சொன்னார்: "சொன்னா நீ மருமகளைத் திட்டுவியேம்மா."