கூழ் வண்டியின் விக்கல்

பாலம் ஏறும்போதுதான் வண்டி விக்க ஆரம்பித்தது. அத்தை மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கி ஆக்சிலேட்டரை மிதித்தாள். ஒரு கணம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் சைலன்சரில் டப்பென்று ஒரு வெடி, ஒரு குலுக்கல், மறுபடி விக்கல். பின்னால் கூழ்ப் பானைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

"ஏண்டி கலை, நேத்துதான கார்பரேட்டர கழுவுன?"

"கழுவுனேன் அத்த."

"எதுல கழுவுன, சாக்கடத் தண்ணியிலயா?"

பெட்ரோலில்தான் கழுவினேன். அதுவும் அத்தை சோறு தின்னும் தட்டில் ஊற்றி. அது தெரிந்தால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவாள்.

வண்டி என்றால் பழைய பெட்ரோல் ஜீப் பிக்கப். நான் பிறப்பதற்கு முன்பே ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பாஞ்சாலி அத்தை, என் அப்பாவின் தங்கை, தினமும் விடிந்ததும் கூட்டேரிப்பட்டிலிருந்து அதை ஓட்டிக்கொண்டு முண்டியம்பாக்கம் போவாள். ஆஸ்பத்திரிக்கு வெளியே நிறுத்தி, நோயாளிகளோடு வந்து தங்கியிருப்பவர்களுக்குக் கேப்பைக் கூழும் மல்லாட்டையும், அதாவது அவித்த வேர்க்கடலையும், விற்பாள். போன மாதத்திலிருந்து வண்டி வழியில் நின்று நின்று, கூழ் போய்ச் சேரும்போது பாதிப் பேர் டீயும் பன்னும் தின்று முடித்திருப்பார்கள்.

அத்தையின் வீட்டுக்காரர் திருமுருகன் மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. காயலான் கடை பச்சைமுத்துவை இன்று சாயங்காலம் வரச் சொல்லிவிட்டார்.

"எடைக்குப் போட்டுட்டு வீட்டு வாசல்லயே கூழு வித்துக்கோ" என்றார் அத்தையிடம்.

"எங்க தெருவுல யாரு இருக்கா? நாலு ஆடும் நீயும்தான்" என்றாள் அத்தை.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. "உன் மருமவ வைத்தியம் பாக்கல பாஞ்சாலி. போஸ்ட்மார்ட்டம் பண்றா."

அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. திண்டிவனத்தில் பாலிடெக்னிக் படிக்கிறேன். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து போனில் இஞ்சின் வீடியோவாகப் பார்க்கிறேன். இந்த வண்டியை நான் சரி செய்கிறேன் என்று ஊரைக் கூட்டிச் சொன்னதும் நான்தான். கார்பரேட்டரைப் பிரித்தேன். பெட்ரோல் வரும் ஜெட் துளையை ஊதினேன். டேங்க்கில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்தேன். திண்டிவனத்தில் புது ஸ்பார்க் பிளக் வாங்கிப் போட்டேன். வீட்டு வாசலில் நிற்கும்போது பூனை மாதிரி உறுமுகிறது. பாரம் ஏற்றி மேட்டில் ஏறினால் மட்டும் மிஸ்ஸிங் அடித்து விக்குகிறது.

இன்று காலேஜ் லீவு. பச்சைமுத்து வருவதற்குள் கண்டுபிடித்துவிட வேண்டும் என்றுதான் கூடவே ஏறி வந்தேன்.

பாலத்தின் பாதியில் வண்டி நின்றேவிட்டது. அப்படியே பின்னோக்கி உருளவிட்டு, கீழே ஓரம் கட்டினாள் அத்தை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கெழம ஆனா இதுக்கு இன்னாதான் வருதோ தெரியல."

"வெள்ளிக்கிழமையா?"

"ஆமா. ஞாயித்துக்கெழம, திங்கக்கெழமலாம் ஓரளவுக்கு இழுக்குது. வெள்ளிக்கெழமதான் ரொம்ப பேஜாரு பண்ணுது. எதுனா சாமி குத்தமா இருக்கும்னு நானும் பூசைய ஜாஸ்தியாத்தான் பண்ணிக்கினு வர்றேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பெட்ரோலுக்குக் கிழமை தெரியுமா? ஆனால் இறங்கி பானெட்டைத் திறப்பதற்குள் சிரிப்பு போய்விட்டது. அதே பாரம், அதே ரோடு, அதே பெட்ரோல். பிறகு வெள்ளிக்கிழமை மட்டும் எது மாறுகிறது?

பெட்ரோல் வருகிறது. காற்று போகிறது. மீதி இருப்பது தீப்பொறிதான். பொறி எங்காவது ஒழுகினால் இருட்டில் கண்ணுக்குத் தெரியும். ஆனால் வெயில் சுள்ளென்று அடிக்கிறது.

"அத்த, அந்தத் தார்ப்பாய எடு."

"பான மேல போட்டிருக்கேண்டி. தூசி உழும்."

"உழட்டும். ஜல்தி எடு."

பானெட்டின் மேல் தார்ப்பாயைப் போட்டு, இஞ்சினை ஓடவிட்டு, இருவரும் தலையை உள்ளே நுழைத்தோம். பெட்ரோல் வாசனை, சூடு, அத்தையின் வெற்றிலை வாசனை. "முந்தானைய இழுத்துச் சொருவு, ஃபேன் புடிச்சிக்கும்" என்றேன்.

வெளியே ஒரு லாரி மெதுவானது. "இன்னாம்மா, வண்டிக்கு ஜலதோஷமா? ஆவி புடிக்கிறீங்களா?"

"ஆமா, உனுக்கும் புடிக்கணுமா, இறங்கி வா!" என்றாள் அத்தை தார்ப்பாய்க்குள்ளிருந்தே. லாரி ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

நான் கையால் ஆக்சிலேட்டர் கம்பியைச் சட்டென்று இழுத்தேன். இஞ்சின் விக்கியது. அந்த நொடியில் பார்த்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல் நீல நூல் போல ஒரு மின்னல், ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்கு நெளிந்து ஓடியது. மறுபடி இழுத்தேன். மறுபடி ஓடியது.

அத்தை என் தோளை இறுக்கிப் பிடித்தாள். "தாயே! வந்துட்டியா!"

"அம்மன் இல்ல அத்த. கரண்டு."

இஞ்சினை நிறுத்தித் தார்ப்பாயை விலக்கினேன். வெளிச்சத்தில் அந்த மூடியை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். பொறியை உண்டாக்கும் இக்னிஷன் காயிலிலிருந்து வரும் ஒயர் நடுவில் ஒரு முனையில் இறங்குகிறது. சுற்றி நான்கு முனைகள், நான்கு பிளக்குக்கும் பொறியைப் பிரித்துக் கொடுக்க. ஐந்து முனைக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். சந்தனம் ஒன்றோடொன்று சேர்ந்து பாத்தி கட்டியிருந்தது. காலையில் வைத்த ஈரம் இன்னும் காயவில்லை. எத்தனையோ முறை இதைத் தாண்டிக் கையை விட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் மிக்ஸிக்கும் பொட்டு உண்டு, கிரைண்டருக்கும் உண்டு. யார் அதை உற்றுப் பார்ப்பார்கள்?

"அத்த, இதுல ஏன் பொட்டு வெச்ச?"

"பாத்தா தெரியல? அஞ்சு மொகம். போன மாசந்தான் கண்ணுல பட்டுச்சு. வண்டியோட குத்துவெளக்கு அதான? வெள்ளிக்கெழம வெளக்குக்கு வெக்காம வேற எதுக்கு வெக்கறது?"

அவளுக்கு விளக்கிச் சொன்னேன். சும்மா நிற்கும்போது பொறி பிளக்கில் சுலபமாகக் குதித்துவிடும். மேட்டில் ஏறும்போது இஞ்சினுக்குள்ளே அழுத்தம் கூடும். அங்கே கஷ்டப்பட்டுக் குதிப்பதைவிட, ஈரச் சந்தனத்தில் வழுக்கிக்கொண்டு வெளியே ஓடுவது அதற்குச் சுலபம். இரண்டு நாளில் சந்தனம் காய்ந்ததும் வண்டி கொஞ்சம் தேறும். மறுபடி வெள்ளிக்கிழமை.

அத்தை மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, வண்டி நிக்குது நிக்குதுன்னு நான் ஜாஸ்தியா வெக்க வெக்க..."

"அது ஜாஸ்தியா நின்னுச்சு."

துணியைப் பெட்ரோலில் நனைத்துக் கொண்டு போனேன். அத்தை அதைப் பிடுங்கினாள். "நான்தான் வெச்சேன். நானே எடுக்கறேன். நீ எடுத்தா ஆத்தா உன்ன கோவிச்சிக்கும்."

ஒவ்வொரு முனையாகத் துடைத்தாள். உதடு ஏதோ முணுமுணுத்தது, மன்னிப்பா திட்டா தெரியவில்லை. நான் மூடியைக் கழற்றி உள்ளேயும் துடைத்து, பெட்ரோல் முழுக்க ஆவியாகும்வரை வெயிலில் காட்டினேன். விரிசல் இல்லை, கருகிய கோடும் இல்லை. மாட்டினேன்.

"ஏத்து அத்த. மூணுலயே ஏத்து."

"நிக்கும்டி."

"நின்னா நான் தள்றேன்."

பாலத்தில் ஏறினோம். அத்தையின் கை கியரை விட்டு அகலவே இல்லை. பாதி தாண்டியது. நின்ற இடம் தாண்டியது. வெடி இல்லை, குலுக்கல் இல்லை. உச்சிக்கு வந்ததும் அத்தை "ஏய்!" என்று ஒரு கத்தல் போட்டாள். பக்கத்தில் பைக்கில் போனவன் பயந்து ஒதுங்கினான்.

அதே நேரம் மாமாவின் போன். நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"எங்க நின்னுக்கினு இருக்கீங்க? பச்சைமுத்து சாயங்காலம் வரல, இப்பவே வர்றானாம்."

"நிக்கல. போய்க்கினு இருக்கோம்" என்றாள் அத்தை. "போன இஞ்சின்கிட்ட காட்டுடி, கேக்கட்டும்."

காட்டினேன்.

"அடுத்த வெள்ளிக்கெழமயும் இப்டியே ஏறுனா பாக்கலாம்" என்றார் மாமா. "அதுவரைக்கும் அவன வர வேணாம்னு சொல்றேன்."

அன்று கூழ் சூடு ஆறுவதற்குள் முண்டியம்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். அத்தை எனக்குத்தான் முதல் சொம்பு கொடுத்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் அத்தை சந்தனக் கிண்ணத்தோடு பானெட் முன்னால் நின்றாள். உள்ளே கை நீளவில்லை.

"எங்க வெக்கலாம், நீயே சொல்லு."

காற்று வடிகட்டியின் வட்ட மூடியைக் காட்டினேன். "இங்க எவ்ளோ வேணா அப்பு."

தோசை அளவுக்கு அப்பினாள். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டார். நான் காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டுப் பின்னால் பானைகளோடு உட்கார்ந்தேன்.

பாலம் வந்தது. மூன்றாம் கியரிலேயே ஏறியது. மாமா சன்னல் வழியாகத் தலையை நீட்டி சைலன்சர் சத்தத்தைக் கேட்டார். ஒன்றும் கிடைக்கவில்லை அவருக்கு. இறக்கத்தில் அத்தை பெருமையாக ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்தாள். ஒரே ஒரு சின்னத் தயக்கம். அப்புறம் பாய்ந்தது.

மாமா திரும்பினார். "இது இன்னா?"

நான் எழுந்தே நின்றுவிட்டேன். "அது நெஜமாவே கார்பரேட்டர்தான் மாமா! உள்ள ஒரு லெதர் வாஷர் தேஞ்சிருக்கும். நாளைக்கே திண்டிவனத்துல..."

"பண்ணு, பண்ணு" என்றார் மாமா. "பச்சைமுத்துக்கு நான் வேற வண்டி காட்றேன்."

அத்தை கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"பண்ணுடி. ஆனா இந்த வாட்டி என் சோத்துத் தட்ட தொட்ட, கைய ஒடிச்சிடுவேன். ஒரு வாரமா சோத்துல பெட்ரோல் வாசன."