சொதிக்கும் சம்பலுக்கும் நடுவில்

...சோறு. வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று பெரியதம்பி உள்ளுக்குள் திரும்பிப் பார்த்தார், அதற்குள் வந்த வழி மூடிக்கொண்டுவிட்டது, சொல் மட்டும் நாக்கின் மேல் சூடாக இருந்தது, கொஞ்சம் முன்னால் இல்லாத ஒன்று இப்போது இருக்கிறது, யார் எடுத்து வைத்தார்கள், எந்தக் கை... "சோறு," என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டாலும் சொல் உடையாமல் விழுந்தது. அடுப்பின் முன்னால் குந்தியிருந்த அவர் மனைவி, மலையில் தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு இப்போதுதான் வந்தவள், இடுப்பில் கட்டிய ஈரச் சாக்குப் படங்கைக்கூட இன்னும் அவிழ்க்காதவள், திரும்பாமலே சொன்னாள், "சோறு வந்துருச்சு. இன்னமும் கெடக்கு, சொல்லுங்க." இன்னமும் கிடக்கிறது, அது அவருக்கும் தெரியும், உள்ளே ஒரு கூடை நிறையக் கிடக்கிறது, கூடையின் கனம்கூடத் தெரிகிறது, மூடி எந்தப் பக்கம் என்பதுதான் தெரியவில்லை.

மாசி மாதம், ஆலையில் தேயிலை சலிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே சரிந்து விழுந்தார், கண் விழித்தபோது நுவரெலியா ஆஸ்பத்திரிக் கட்டில், வலது கை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி பக்கத்தில் கிடந்தது. கால் திரும்பி வந்தது, கையும் பாதி வந்தது, பேச்சுதான் நடுவழியில் நின்றுவிட்டது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் சுலக்ஷனா மிஸ் ஒவ்வொரு தடவையும் ஒரு எழுத்தைக் கொடுத்து அனுப்புவார், இந்தத் தடவை ச, அதில் ஆரம்பிக்கிற சாப்பாட்டுப் பேர்கள், சா என்றாலும் சீ என்றாலும் சோ என்றாலும் சரி, நாளைக்குப் போகும்போது சொல்ல வேண்டும். மனைவிக்குத் தனியாக ஒரு கட்டளை. "முழுசாச் சொல்லிக் குடுத்துடாதீங்க அம்மா. ரொம்பத் தவிச்சா மொத சத்தத்த மட்டும் குடுங்க. மிச்சத்த ஐயாவே எடுத்துக்குவாரு." அதைக் கேட்டபோது அவருக்குச் சிரிப்பு வந்தது, ஒரு சத்தத்தைக் கொடுத்தால் மிச்சம் எப்படி வரும், வாலைக் காட்டினால் மாடு வந்துவிடுமா... ஆனால் வந்தது. மிஸ் வாழைப்பழப் படத்தைக் காட்டியபோது ஒன்றும் இல்லை, வெறும் பனி, "வா..." என்று உதட்டைக் குவித்த உடனே மொத்தச் சொல்லும் கொட்டிவிட்டது. ஆலையில் இப்படி நடக்கும். தூள் இறங்கும் மரக்குழாய் சில நாள் அடைத்துக்கொள்ளும், மேலே நிறையத் தூள் இருக்கும், கீழே ஒன்றும் விழாது, தெரியாதவன் கையை விட்டுக் குடைவான், இன்னும் இறுகிப்போகும், தெரிந்தவன் குழாயின் பக்கத்தில் உள்ளங்கையால் ஒரே ஒரு தட்டு தட்டுவான், அவ்வளவுதான், உள்ளே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்த தூள் எல்லாம் பிடியை விட்டுவிடும். அந்த முதல் சத்தம் அந்தத் தட்டுதான். இத்தனை வருசம் அந்தக் குழாயைத் தட்டினேனே, என் தலைக்குள்ளும் ஒன்று இருக்கிறது என்று ஒருநாளாவது நினைத்தேனா.

ச. சல்லடை... இல்லை, அது தின்னும் பொருள் இல்லை, போ. சாக்கு, போ. சங்கு, ஆலைச் சங்கு, அதுவும் போ. இதைப் பார்த்துத்தான் அவர் அசந்துபோகிறார், தானே உட்கார்ந்து தன் தலைக்குள் வேடிக்கை பார்க்கிறார். சலிக்கும் அறையில் ஒரு சல்லடைக்குக் கீழே இன்னொன்று ஆடிக்கொண்டிருக்கும், மேலே உள்ளது பெரிய இலையை நிறுத்தும், கீழே உள்ளது அடுத்ததை நிறுத்தும், இரண்டையும் தாண்டியது தூளாகக் கீழே போகும். இங்கேயும் இரண்டு சல்லடை. ஒன்று ச இல்லாததை எல்லாம் தள்ளுகிறது, இன்னொன்று சாப்பிட முடியாததை எல்லாம் தள்ளுகிறது, மோட்டர் இல்லை, பெல்ட் இல்லை, எண்ணெய் போடுகிறவன் இல்லை, லயத்து வீடுகள் எதற்கும் சத்தம் கேட்காமல் இந்த மண்டைக்குள் ஆடிக்கொண்டிருக்கிறது. சுண்டல். ஆ, இது ஒன்று. பூசைக்குப் பிறகு கையில் வாங்கும் கடலைச் சுண்டல், தேங்காய்ச் சொட்டு, கடுகு. கூடவே சர்க்கரைப் பொங்கல் வந்தது, அதுவும் கோயில்தான், ஒன்று வந்தால் பக்கத்து வீட்டுக்காரனையும் கூப்பிட்டுக்கொண்டு வருகிறது. அடுப்படியில் சுண்டலும் சாளை மீனும் சேர்ந்திருக்குமா, சேராது, மீன் கழுவின கையால் பூசைச் சட்டியைத் தொட விடமாட்டாள் இவள், ஆனால் ச என்று கூப்பிட்டால் இரண்டும் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. இந்த வரிசையை யார் கட்டினார்கள்? அம்மா ஊட்டியபோதா, பள்ளிக்கூடத்திலா? அவருக்கே தெரியாமல் அவருக்குள் யாரோ ஒருவர் இத்தனை காலமும் அடுக்கி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அடுப்பிலிருந்து ஒரு மணம் வந்தது. மஞ்சள் மணம், கருவேப்பிலை, பச்சை மிளகாய், இது என்ன, இதன் பேர்... தெரியும், நாலு நாளைக்கு ஒருதரம் சாப்பிடுகிறது, பேர் இல்லை. துரத்தாதே. பேரைத் துரத்தினால் ஓடும், செய்கிற விதத்தை யோசியுங்கள் என்று மிஸ் சொன்னார். சரி, செய்வோம். தேங்காயைத் துருவு, வெந்நீர் விட்டுப் பிழி, முதல் பாலை ஒதுக்கி வை, அது கெட்டி, இரண்டாம் பாலை எடு, அது தண்ணியாக இருக்கும், அதில் வெங்காயம், மிளகாய், கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், எல்லாம் வேகட்டும், கொதித்துப் பொங்க விடாதே, துழாவிக்கொண்டே இரு, வெந்த பிறகு முதல் பால், நுரை கூடியதும் இறக்கிவிடு, இறக்கிய பிறகுதான் தேசிக்காய்ப் புளி, அடுப்பில் இருக்கும்போதே புளியை விட்டால் பால் திரிந்து தண்ணி வேறு திப்பி வேறாகிவிடும், கல்யாணம் ஆன புதிதில் இவள் அப்படித்தான் ஒருநாள்... மஞ்சள் தண்ணியில் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து போனதை அவர் முன்னால் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றாள், அவர் மிச்சம் வைக்காமல் ஊற்றிச் சாப்பிட்டார், அது... "சொதி," என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற அந்தப் பெண் கையில் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டிருந்தது போல. "சொதி," என்றாள் அவளும், அகப்பையைத் தட்டில் தட்டி, "மோந்து பாத்துச் சொல்றீங்களாக்கும். கள்ளாட்டம்." இல்லை, கள்ளாட்டம் இல்லை, எப்படிச் சொல்வது, செய்து பார்த்தேன், தலைக்குள் தேங்காய் துருவி அடுப்பு மூட்டிச் செய்து இறக்கினேன், தேசிக்காய் விட்ட பிறகுதான் பேர் வந்தது.

வாசலில் இருமல். மாயாண்டி, சலிக்கும் அறையில் இப்போது அவர் இடத்தில் நிற்கிறவன், உடம்பெல்லாம் தேயிலைத் தூளோடு நேராக வந்திருக்கிறான். நோய் வந்தது வாய்க்கு, இவன் என்னமோ காது போனவனிடம் பேசுவதுபோல் கத்துகிறான். "என்னாண்ணே, எப்புடி இருக்கீங்க? நாளைக்கு நுவரெலியாவா?" "மெதுவாப் பேசுங்க தம்பி, லயமே எந்திரிச்சு வந்துரும்," என்று சொல்லிக்கொண்டே அவள் இரண்டு கோப்பையை நீட்டினாள். பெரியதம்பி கோப்பையை இடது கையில் வாங்கினார், வெளிச்சத்துக்குப் பிடித்தார், நல்ல நிறம், செம்பு நிறம், பழுக்க வைக்கும்போது காலம் தப்பாத தூள், ஒரு நிமிசம் கூடியிருந்தால் கறுத்திருக்கும்... நிறத்தைப் பார்த்தே எல்லாம் சொல்ல முடிகிறது, இந்தக் கோப்பைக்குள் இருப்பதன் பேர் மட்டும்... ஆலையில் முப்பது வருசம் நின்றவனுக்கு இதன் பேர் தெரியாது என்றால் யார் நம்புவார்கள். "அதுதாண்ணே, சா..." என்று மாயாண்டி ஆரம்பித்தான், அவள் அகப்பையை ஓங்கினாள், "சொல்லக் கூடாதுங்கிறேன்ல", அவன் வாயைப் பொத்திக்கொண்டான், ஆனால் சத்தம் வந்துவிட்டது, தட்டு விழுந்துவிட்டது. "சாயத்தண்ணி," என்றார் பெரியதம்பி. "ஆத்தாடி, அண்ணே பேசிட்டாரு மதினி," என்று மாயாண்டி அதையும் கத்தினான். குடித்துவிட்டு எழுந்து போகும்போது அவர் தோளை ஒருதரம் பிடித்துவிட்டுப் போனான், அந்தப் பிடி மட்டும் கத்தவில்லை.

மதினி. அவன் மதினி என்கிறான், பக்கத்துக் காம்பரா வீட்டுப் பிள்ளைகள் அத்தை என்கிறார்கள், கொழும்பிலிருந்து மகன் ஜனகன் போனில் அம்மா என்கிறான், எல்லாருக்கும் அவளைக் கூப்பிட ஒரு சொல் இருக்கிறது. அவருக்கு? இந்தா. அவ்வளவுதான். இந்தா என்றால் அவள் திரும்புவாள். கட்டின நாளிலிருந்து இந்தா. போன தடவை மிஸ் அவளைக் காட்டி, "இவங்க பேரு என்ன, சொல்லுங்க ஐயா," என்றார். பார்த்தார். எல்லாம் தெரிந்தது, பெருவிரலில் கொழுந்துச் சாறு கறுத்த கீறல், இடது காதில் தோடு கொஞ்சம் தாழ்ந்து தொங்குவது, குளிர்காலத்தில் அவள் கால் வெடிப்பு, எல்லாம், பேர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் பனி. அவள்தான் முந்திக்கொண்டு, "அவுங்க எம் பேரச் சொன்னதே இல்லீங்க மிஸ். நானும் அவுங்க பேரச் சொல்றதில்ல," என்றாள். மிஸ் சிரித்தார், "அது சரி, அடுத்த தடவ நீங்களே சொல்லணும் ஐயா." அதோடு முடிந்திருக்கலாம். கந்தப்பளை பஸ்ஸில் வரும்போது, ஜன்னல் வழியாக லீக்ஸ் பாத்திகளைப் பார்த்துக்கொண்டே அவள் கேட்டாள், சத்தமே இல்லாமல் கேட்டாள், "மெய்யாவே தெரியலையாங்க?" அந்தக் கேள்விதான் அன்றிலிருந்து நெஞ்சில் குத்திக்கொண்டு கிடக்கிறது. தெரியும் என்று தலையாட்டினார். தெரியும் என்பது பொய்யா? அவள் பேரை யாராவது சொன்னால், ஆமாம் இதுதான் என்று இருக்கும், அடுத்த மூச்சில் கரைந்துவிடும். நோய் தின்றுவிட்டதா, அல்லது எடுத்துப் பழகாததால் துருப்பிடித்துவிட்டதா? தூள் ஓடி ஓடித்தான் குழாய் வழவழப்பாகும், ஓடாத குழாயில் எதை விட்டாலும் நிற்கும். வாயால் ஒருநாளும் சொல்லாத பேர் எந்த வழியாக வரும்?

சொல்லவில்லை, சரி, கேட்டதுமா இல்லை? இரவு வேலை முடிந்து ஆலை ஜன்னலோரம் கைகழுவிக்கொண்டு நிற்பார், கீழே முற்றத்தில் காலைப் பெரட்டு, பெண்கள் கூடையோடு வரிசையாக நிற்பார்கள், வேலைக்கு ஆள் பிரிப்பதற்கு மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். இவள் பேரைக் கூப்பிடும்போது மட்டும் நீளமாக இழுப்பார், பேர் நீளம், முதலில் தாழ்ந்து, நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி, கடைசியில் மேலே ஏறி நிற்கும். அதற்குப் பதில் ஒரு சின்னக் குரல் வரும். அவர் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பார், யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அந்த ராகம் இப்போதும் அப்படியே இருக்கிறது, தாழ்ந்து, சுற்றி, ஏறி... எழுத்துகள்தான் இல்லை, பனியில் ஆள் தெரியாமல் நடை மட்டும் தெரிவதுபோல.

அவள் படங்கை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு அம்மியின் முன் உட்கார்ந்தாள். காய்ந்த செத்தல் மிளகாய், உப்பு, சின்ன வெங்காயம், முதலில் மிளகாயை மட்டும் நுணுக்குகிறாள், பிறகுதான் தேங்காய்ப் பூ, தேங்காயை அதிகம் அரைக்கக் கூடாது, எண்ணெய் விட்டுவிடும், கல்லை ஒருதரம் இழுத்தால் வெள்ளை, இரண்டாம் தரம் இளஞ்சிவப்பு, மூன்றாம் தரம்... எத்தனை ஆயிரம் தடவை பார்த்தது, இன்றைக்குத்தான் பார்ப்பதுபோல் இருக்கிறது, சிவப்பு எங்கே போகிறது, வெள்ளை எப்படி அதைக் குடிக்கிறது. "இது என்னான்னு சொல்லுங்க பாப்போம்," என்றாள், "இதுகூட வராட்டி மிஸ்சுக்கிட்ட நான்தான் ஏச்சு வாங்கணும்." யோசித்தார். செய்து பார்த்தார். மாசிக் கருவாடு போட்டார், தேசிக்காய் பிழிந்தார், வரவில்லை. உள்ளே ஏதோ அடைத்துக்கொண்டு நிற்கிறது, மேலே கனம் தெரிகிறது, கீழே ஒன்றும் விழவில்லை. அவள் குழவியை நிறுத்தாமலே, மிஸ் சொன்ன மாதிரி, முதல் சத்தத்தை மட்டும் கொடுத்தாள். "ச..."

தட்டு விழுந்தது. பிடி விட்டது. வாய் திறந்தது, தாழ்ந்து, நடுவில் ஒரு சுற்று, கடைசியில் மேலே ஏறி, "சண்முகவடிவூ..." என்றது.

"இருக்கேன்," என்றாள் அவள்.

குழவி நின்றது. பெரட்டில் சொல்வதுபோலவே சொல்லிவிட்டாள், யோசிக்காமல், கையில் மிளகாயும் தேங்காயுமாக. அடுப்பில் ஈர விறகு புஸ்ஸென்றது. கூப்பிட்டது யார்? நானா, கண்டாக்கா, அல்லது ச வரிசையைத் தலைக்குள் அடுக்கி வைத்திருந்த அந்த யாரோ ஒருவரா, அவர் இந்தப் பேரைச் சொதிக்கும் சுண்டலுக்கும் பக்கத்திலேயே வைத்து, நான் வாயைத் திறக்காத காலமெல்லாம் காது வழியாகத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தாரா... நாளைக்கு மிஸ் கேட்கும்போது வருமா, அல்லது இந்த ஒருதரத்தோடு... அவள் முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நல்லா இருக்கே," என்றாள், "நான் என்னா திங்கிற சாமானா?" அவர் சிரித்தார், சத்தம் வந்தது, எழுத்தில்லாத சத்தம். அம்மியில் சிவப்பும் வெள்ளையும் பாதி கலந்து அப்படியே கிடந்தது. ஈர விறகை உள்ளே தள்ளிவிட்டு, குழவியைத் தொடாமல், திரும்பாமல், முன்னைவிட மெதுவாக, அவள் மறுபடியும் சொன்னாள், "ச..." எதைக் கேட்கிறாள், அம்மியில் இருப்பதன் பேரையா, தன் பேரையா, தெரியவில்லை, இரண்டும் ஒரே வாசலில் வந்து நிற்பது மட்டும் தெரிந்தது, அவர் வாயைத் திறந்தார்.