தோழி என்று எழுதிய தப்பு

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அரைக்கிறவளுக்கு அங்கே எல்லோரும் வைத்த பெயர் பவர் அக்கா. கழற்றி வைத்த கண்ணாடியைக் கையில் எடுத்து ஒரு தடவை தூக்கிப் பார்த்தாலே அதன் பவரைச் சொல்லிவிடுவாள். முதலாளியும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர் என்பது யாருக்கும் உறுத்தியதில்லை.

அவளோடு ஒன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவள் நெட்டை. நர்ஸ். வேறொரு நாட்டில், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லத்தில் வேலை கிடைத்துப் போனாள். அந்த நாட்டில் இரண்டு பெண்கள் தம்பதியாக வாழச் சட்டம் இடம் கொடுத்தது. "ஆறே மாசம்டி. உன்னையும் கூப்பிட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். அது பொய்யில்லை. அவளுக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

முதலில் சுற்றிப் பார்க்கிற விசாவுக்குப் போட்டார்கள். படிவம் நிரப்பித் தருகிற ஏஜென்ட் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அங்க யாரைப் பாக்கப் போறீங்க?"

"தெரிஞ்சவங்க."

"தெரிஞ்சவங்கன்னா ஊர்ல பாதிப் பேர் தெரிஞ்சவங்கதான். உறவுமுறைன்னு ஒரு கட்டம் இருக்கும்மா. அதுல என்ன போட?"

பின்னால் நாற்காலிகளில் நாலு பேர் காத்திருந்தார்கள். பவர் திரும்பி அவர்களைப் பார்த்தாள்.

"தோழின்னு போட்டுடுவோம். வம்பில்லாத வார்த்தை" என்று அவரே தட்டிவிட்டார்.

விசா மறுக்கப்பட்டது. கல்யாணம் ஆகவில்லை, குழந்தைகள் இல்லை, சொத்து இல்லை, ஆகவே விண்ணப்பதாரர் திரும்பி வருவதற்கான காரணம் எதுவும் தென்படவில்லை என்று கடிதம் வந்தது. அதைப் பின்னறையில் நின்றபடி படித்தாள். யோசித்துப் பார்த்தால் எழுதினவர் தப்பாக ஒன்றும் எழுதிவிடவில்லை. திரும்பி வர அவளுக்குமே ஒரு காரணமும் தென்படவில்லை.

அடுத்தது துணை விசா. கல்யாணம் கட்டாயமில்லை, இரண்டு வருடமாவது சேர்ந்து குடித்தனம் நடத்தியதற்கு ஆதாரம் கொடுத்தால் போதும் என்றார்கள். இருவர் பெயரும் சேர்ந்து இருக்கிற காகிதங்கள் வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவைக் காலி செய்து தரையில் பரப்பினாள். வாடகை ஒப்பந்தம் நெட்டையின் பெயரில் இருந்தது. கேஸ் இணைப்பு இவள் பெயரில். வீட்டுக்காரருக்கு இருவரும் அத்தை மாமன் பிள்ளைகள். பவருக்குக் குடல்வால் அறுவை நடந்தபோது ஆஸ்பத்திரிக் காகிதத்தில் நெட்டை கையெழுத்துப் போட்டிருந்தாள், 'அக்கா' என்று. ரேஷன் அட்டையில் ஆளுக்கொரு முகவரி. பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் எழுதிக் கொடுத்த சீட்டில் 'உடன் தங்கியிருப்பவர்'. உலகத்தில் உள்ள உறவெல்லாம் அந்தக் காகிதங்களில் இருந்தது. ஒன்றைத் தவிர.

போட்டோவும் இல்லை. சேர்ந்து எடுத்ததெல்லாம் நடுவில் மூன்றாவது ஆள் நிற்கிற படங்கள். செய்திகளை அன்றன்றைக்கே அழித்துவிடுவது இருவருக்கும் பல் தேய்ப்பதுபோலப் பழக்கம். ஒன்பது வருடம் இரண்டு பேரும் சேர்ந்து, ஒரு தடயம் விடாமல் துடைத்து வைத்திருந்தார்கள். அத்தனை சுத்தமாக வேறெந்த வேலையும் செய்ததில்லை.

மறுநாள் காலை, கடை திறக்கும் முன், சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துச் சொன்னாள். நெட்டை அப்போதுதான் பணி முடிந்து வந்திருந்தாள், முகம் வீங்கியிருந்தது.

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல. நம்மள மாதிரி கெட்டிக்காரத் திருடங்க உலகத்துல கிடையாது."

நெட்டை சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள். "உன்னையும் என்னையும் தெரிஞ்ச ஒரு ஆள் எழுதிக் கொடுத்தா பரிசீலிப்பாங்களாம். யாரைக் கேப்பே?"

யாரைக் கேட்பது? நெட்டை போன பிறகு பவருக்குச் சனிக்கிழமை மாலை கடை மூடினால் திங்கட்கிழமை காலை வரை பேச ஆள் கிடையாது, அந்த ஒரு போனைத் தவிர. நெட்டைக்கு வாரக்கடைசியில் இரட்டைப் பணி விழுந்துவிட்டால் அதுவும் இல்லை. திங்கட்கிழமை முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கரகரக்கும். "என்னக்கா, சளியா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவாள்.

கடைசியில் அண்ணியிடம் போனாள். அண்ணன் வேலைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்துப் போனாள். அண்ணி தையல் மெஷினில் பள்ளிச் சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒரு கையெழுத்து வேணும்."

"எதுக்கு? யாருக்காவது ஜாமீனா?"

பவர் காகிதத்தை நீட்டினாள். அண்ணி மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டுப் படித்தாள். முதல் பத்தியை ஒரு தடவை, இரண்டாவது பத்தியை மூன்று தடவை.

"தம்பதியாக வாழ்ந்தாங்கன்னு எழுதியிருக்கு."

"ஆமா அண்ணி."

"நெட்டையா?"

"நெட்டைதான்."

அண்ணி சட்டையை எடுத்து மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். "ஏழு மாப்பிள்ளை போட்டோ கொண்டு வந்தேன் உனக்கு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பஸ் மாறி. ஒருத்தனுக்குக் காது பெருசுன்னே, ஒருத்தன் பேச்சு சரியில்லைன்னே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு முட்டிவலியாவது மிச்சமாகியிருக்கும்."

பவர் தலை குனிந்து நின்றாள்.

"வெச்சுட்டுப் போ. நான் யோசிக்கணும்."

பன்னிரண்டு நாள் கழித்து அண்ணி கடைக்கு வந்தாள். எழுத்து மங்குகிறது, சோதிக்க வேண்டும் என்று முன்னால் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டுப் பின்னறைக்கு வந்து காகிதத்தைக் கொடுத்தாள். பவர் எழுதிக் கொடுத்தது அதில் இல்லை. அண்ணி தன் கையால் வேறு எழுதியிருந்தாள்.

'ஒன்பது வருடம் அந்த வீட்டுக்குப் போய் வந்தவள் நான். இவர்கள் இருவரும் தம்பதி என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்தது என்று எழுதினால் பொய். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் சாப்பிடமாட்டாள். சண்டை போட்டால் இரண்டு பேரும் என்னிடம் தனித்தனியாக வந்து அழுவார்கள். இப்போது யோசித்துப் பார்த்தால், நான் என் கணவரோடு நடத்துவதும் அவர்கள் நடத்தியதும் ஒன்றுதான். எனக்குப் புரியாமல் போனது என் தப்பு.'

"இது போதுமா, வேற மாதிரி வேணுமா?"

பவர் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"உங்க அண்ணன்கிட்ட நான் சொல்லலை. ஆனா அவரா கேட்டா மறைக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

தூதரகத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு அம்மா, பருத்திப் புடவை, மேசையில் தண்ணீர் பாட்டில். அதிகாரி பழைய விண்ணப்பத்தைக் கையில் வைத்திருந்தார்.

"போன தடவை தோழின்னு எழுதியிருக்கீங்களாம். இந்தத் தடவை வேற மாதிரி எழுதியிருக்கீங்களாம். ரெண்டுல எது பொய்னு கேக்கறார்" என்றாள் அந்த அம்மா.

"முதல்ல எழுதினதுதான் பொய். அவ என் துணை."

அந்த அம்மா ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னாள். பவருக்கு ஆங்கிலம் அரைகுறைதான். ஆனால் 'ஃப்ரெண்ட்' என்ற வார்த்தை தெரியும்.

"அம்மா, அந்த வார்த்தை வேணாம்."

"எந்த வார்த்தை?"

"இப்ப சொன்னீங்களே, அது. அந்த ஒரு வார்த்தையாலதான் நான் இங்க வந்து நிக்கறேன்."

அந்த அம்மா குரலைத் தாழ்த்தினாள். "நாகரிகமா இருக்கட்டுமேன்னு சொன்னேன். வேற என்னன்னு சொல்லட்டும்?"

இதுவரை ஒரு மனிதரிடமும் அதை அவள் வாயால் சொன்னதில்லை. அண்ணியிடம்கூடக் காகிதம்தான் சொன்னது.

"பொண்டாட்டின்னு சொல்லுங்க. அவ எனக்கு, நான் அவளுக்கு."

அந்த அம்மாவின் காதோரம் சிவந்தது. பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, மேசையைப் பார்த்தபடியே அதைச் சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டார். அவருக்கு அது இன்னொரு வரி.

பிறகு, நெட்டை இப்போது இருக்கிற அறை எப்படி இருக்கும் என்று கேட்டார். பவர் சொன்னாள்: பழுப்புச் சுவர், ஒரு கொக்கி, அதில் நீலச் சட்டை. அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. போனில் தெரிகிற பக்கம் அவ்வளவுதான்.

அந்த வாரமே அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. அண்ணியின் கடிதத்தைச் சரிபார்க்கத் தூதரகத்திலிருந்து அவர் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார்கள், அவர் எடுத்திருக்கிறார். இரவல் குரலில் பேசுகிறவர்போல நிதானமாகப் பேசினார்.

"நீ என் தங்கச்சிதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பக்கம் வராதே."

அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. நிராகரிப்பு. மூன்றரை வருடமாகத் தனித்தனியே வாழ்வதால் இதைச் சேர்ந்து வாழும் உறவாகக் கொள்ள முடியாது என்றிருந்தது. போனில் நெட்டை கதறி அழுதாள்.

"நான் கிளம்பி வந்துடறேன். வேலையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

"வந்து? மறுபடி அத்தை பொண்ணா இருப்பியா?"

"இருந்துட்டுப் போறேன். இத்தனை வருஷம் இருக்கலையா?"

"என்னால முடியாது. முன்னப்பின்னத் தெரியாத ஒருத்தர்கிட்ட சத்தமா சொல்லிட்டேன். அண்ணன் வீடும் போச்சு. இனிமே அந்த வார்த்தையை முழுங்கிட்டு என்னால குடித்தனம் பண்ண முடியாதுடி."

நெட்டை எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, அப்பீல் பண்ணலாம்" என்றாள்.

அப்பீலுக்குப் பதினோரு மாதம். அந்தப் பதினோரு மாதத்தில் பவர் எத்தனையோ பேருக்குக் கண்ணாடி செய்து கொடுத்தாள், இரண்டு பேருக்குக் கல்யாணப் பரிசு வாங்கினாள், ஒரு காய்ச்சலைத் தனியாகப் படுத்துக் கடந்தாள். மாலையில் வீட்டுக்குப் போனதும் டிவியைப் போட்டுவிட்டு வேறு அறையில் உட்கார்ந்திருப்பாள். யாரோ இருக்கிற மாதிரி இருக்கும்.

தீர்ப்பு சாதகமாக வந்தது. சேர்ந்து வாழ அனுமதிக்காமல் வைத்துவிட்டு, சேர்ந்து வாழவில்லை என்று காரணம் சொல்வது பொருந்தாது என்று நீதிபதி எழுதியிருந்தார். அவர் எடுத்துக் காட்டியிருந்த ஆதாரம் ஒன்றே ஒன்று. எனக்குத் தெரியாது என்று அண்ணி எழுதிய கடிதம்.

கிளம்புகிற அன்று அண்ணன் வரவில்லை. அண்ணி மட்டும் போன் செய்தாள். "குளிரும். காதை மூடிக்கோ. போனதும் ஒரு வார்த்தை சொல்லு, அவர் வெளிய போற நேரமாப் பாத்து."

விமான நிலையத்தில் வெளியே வந்ததும் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நெட்டை நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள். முடியைக் கழுத்தளவு வெட்டியிருந்தாள், சொல்லவே இல்லை. அவர்களைச் சுற்றி எல்லோரும் எல்லோரையும் கட்டிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இருவரும் ஒரு கை தூரத்தில் நின்றார்கள். பொது இடத்தில் வேறு எப்படி நிற்பது என்று இருவருக்குமே தெரியவில்லை.

"பசிக்குதா?"

"இல்ல."

"தூங்கினியா?"

"இல்ல."

நெட்டை தலையாட்டினாள். நான்கு வருடமும் எட்டு மாதமும் ஆகியிருந்தது. பவருக்கு அவள் முகத்தை நேராகப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. புதுசாகக் குடிவந்தவரைப் பார்க்கிற மாதிரி.

"எனக்கு ரெண்டு மணிக்கு டியூட்டி" என்றாள் நெட்டை. "லீவ் கேட்டேன், கொடுக்கலை. உன்னை ரூம்ல விட்டுட்டுப் போகணும். ராத்திரி பத்தரைக்கு வந்துடுவேன்."

"சரி."

"தனியா இருந்துக்குவியா?"

பவருக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. சிரிப்பு என்றுதான் நினைத்தாள். முகத்தைத் தொட்டபோது கை நனைந்தது. நெட்டை பயந்துபோய் ஒரு அடி முன்னால் வந்து, சுற்றுமுற்றும் பார்த்து, பிறகு பார்ப்பதை விட்டுவிட்டு அவள் தோளைப் பிடித்தாள். ஆளுக்கொரு பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தார்கள். வெளியே பேருந்து நின்றிருந்தது.