ஈசானி மூலையில் ஒரு கார் ஷெட்

காரை வாங்கியவள் லோகப்பிரியா. அது நின்றதோ அவள் மாமனார் குமாரசாமியின் பருத்திக் குடோனில். எவர் நிழலில் நிற்கிறதோ அவர் கார் என்பது இருகூரில் எழுதாத சட்டம். வருசம் திரும்புவதற்குள் ஊரே அதற்குக் 'குமாரசாமி ஊட்டுக் காரு' என்று பெயர் வைத்துவிட்டது.

பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் ஸ்டோர் வேலை அவளுக்கு. காலையில் சாவி கேட்டுப் போனால், மாமனார் அதை மடியில் செருகிக்கொண்டு தாராபுரத்தில் யாருக்கோ காதுகுத்து என்று கிளம்பியிருப்பார். லைசென்ஸ் இருந்தது, பழையதானாலும் அம்பாசிடர் இருந்தது. ஆனாலும் டவுன் பஸ் படிக்கட்டில்தான் தொங்கிக்கொண்டு போனாள்.

"ஏனுங்க மாமா, அது என்ற காருதானுங்களே?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"ஆரு இல்லைன்னா அம்மணி? வெயில்ல நின்னா பெயிண்டு போயிரும்னுதான் நானு வெச்சுப் பாத்துக்கறேன்."

"அப்ப எங்கூட்டுல நிழல் போட்டுக்கறேனுங்க."

அவளும் கணவன் சரவணனும் தனியாகக் கட்டிக்கொண்டு வந்த வீட்டில் காலியிடம் என்று இருந்தது கேட்டை ஒட்டிய வடகிழக்கு மூலை மட்டுந்தான். மறுநாள் சாயங்காலமே குமாரசாமி வாஸ்து பார்க்கும் வெள்ளியங்கிரியைக் கூட்டிவந்துவிட்டார். அவர் திசை காட்டும் பெட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றினார்.

"ஈசானி மூலைங்க. பாரம் ஏத்தக்கூடாது. அதுலயும் இரும்பு, கேக்கவே வேண்டாம். ஊட்டு ஆம்பளைக்கு ஆகாதுங்க."

மாமியார் சின்னாத்தாளுக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. ஆகாது என்று சொல்லப்பட்ட ஆம்பளையான சரவணன், "எனக்கென்ன ஆகப்போகுது" என்று முனகினான். அவன் முனகலை அந்த வீட்டில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

லோகப்பிரியா வெல்டிங் பட்டறை காளிச்சாமியிடம் போனாள். அவன் எழுந்து நின்று கையைப் பிசைந்தான். "ஐயன் நேத்தே வந்து சொல்லிப்போட்டாருங்க அம்மணி. என்ற பட்டறையே அவுரு எடத்துலதானுங்க இருக்குது. நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. பத்த வைக்காமயே நிக்குதா இல்லையான்னு பாக்கறேன்."

பஸ் ஏறி உக்கடம் இரும்புக் கடைக்குப் போனாள். பார்ப்பதற்கு 'ப' எழுத்துப் போல மடங்கிய இரும்புச் சேனல்களைக் காட்டி, எதை எந்த நீளத்தில் வெட்ட வேண்டும், எங்கே போல்ட்டுக்குத் துளை போட வேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டாள். கடைக்காரர் கலீல் ரஹ்மான் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"மேஸ்திரி யாரும்மா?"

"நாந்தான் பாய்."

"அப்படியா? துளையெல்லாம் ரெட்டையாப் போட்டுக்கிட்டா நல்லதும்மா."

"ஒத்தையே போதும் பாய்" என்றாள். அந்த வீறாப்பு பின்னால் அவள் மானத்தை வாங்கியது.

ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையை எடுத்துக் குழி தோண்டினாள். அந்தப் பக்கமாகப் போன வெள்ளியங்கிரி நின்றார்.

"பள்ளம் தோண்டறது நல்லதுதானுங்க அம்மணி. ஈசானியில பள்ளம் இருந்தா யோகம்."

"அப்ப நாலு யோகம் தோண்டறேனுங்க."

"அதுல கம்பம் நட்டாத்தான் தோஷம்."

"நட்டுப்போட்டுக் கூப்பிடறேன், வந்து பாத்துச் சொல்லுங்க."

சரவணன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவள் ஏறி ஸ்பேனரால் முடுக்கினாள். கம்பங்களின் காலடியில் ஜல்லிக் கலவை போட்டு, அது இறுகியதும் மேலே குறுக்குச் சட்டங்களையும் பூட்டினாள். வேலை முடிகிற நேரம் பார்த்துக் குமாரசாமி நாலு பேரோடு வந்தார். ஒரு கம்பத்தில் உள்ளங்கையை வைத்து மெல்ல ஒரு தள்ளுத் தள்ளினார். மொத்தச் சட்டமும் அந்தப் பக்கம் சாய்ந்து இந்தப் பக்கம் வந்தது.

"ஏம்மணி, ஆடி நோம்பிக்குத் தூரி கட்டுனியா? சொல்லியிருந்தா பொடுசுகளைக் கூட்டியாந்திருப்பேனே!"

வந்தவர்கள் சிரித்தார்கள். ஊஞ்சலில் ஆடுவதைப் போல ஒருவன் காலை வேறு வீசிக் காட்டினான். லோகப்பிரியாவுக்குக் காது மடல் எரிந்தது. ஸ்பேனரைத் துடைத்து வைத்தாள்.

மறுநாள் கம்பெனி ஸ்டோரில் அவள் கண் ரேக்குகளின் மேலேயே இருந்தது. இத்தனை வருசமாகச் சாமான் அடுக்கி எடுத்த அதே ரேக்குகள். அதுவும் போல்ட் போட்டதுதான், அத்தனை பாரத்துக்கும் அசைவதில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தாள். மூலைக்கு மூலை குறுக்காக ஒரு இரும்புப் பட்டை சாய்வாகப் பூட்டியிருந்தது. அட, இவ்வளவுதானா!

கார் நுழைகிற பக்கத்தை விட்டுவிட்டு மற்ற மூன்று பக்கமும் சாய்வுப் பட்டை பூட்டினாள். முன்பக்கத்து மூலைகளுக்கு மட்டும் முழங்கை நீளத்தில் குட்டைத் துண்டுகள். பட்டறையில் டிரில்லை இரவல் கேட்டபோது காளிச்சாமி, "டிரில்லைப் பத்தி ஐயன் ஒண்ணும் சொல்லலீங்க" என்று சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தான். எல்லா மூலையிலும் இரண்டாவது போல்ட் ஏறியது. கடைசியாகத் தகரம் போட்டாள்.

குமாரசாமி மறுபடி வந்து தள்ளினார். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். சட்டையில் துரு ஒட்டியதுதான் மிச்சம்.

"நிக்குது, நிக்கட்டும். காரு வந்தாத்தான பாரம்?" மடியைத் தட்டிக் காட்டினார். "சாவி இங்க இருக்குது. நான் இருக்கற வரைக்கும் என்ற பையன் தலைக்கு மேல தோஷத்தை ஏத்த உடமாட்டேன்."

லோகப்பிரியா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே குடோனுக்கு நடந்தாள். பட்டப்பகல். மூட்டை ஏற்றுவதற்காகக் கதவு விரியத் திறந்திருந்தது. காரின் கதவு என்றைக்குப் பூட்டியிருந்தது? கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டாள். வெளியே நின்றபடி ஒரு கை ஸ்டியரிங்கிலும் ஒரு கை கதவுச் சட்டத்திலுமாக முட்டித் தள்ளினாள். வாசல் சரிவு அவள் பக்கம் இருந்தது. அம்பாசிடர் யானைக்குட்டி போல அசைந்து வீதிக்கு வந்தது.

டீக்கடையில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். "பெட்ரோல் தீந்துபோச்சுங்களா அம்மணி?"

"பெட்ரோல் நெறையா இருக்குதுங்க. சாவிதான் மாமா மடியில இருக்குது!"

எஸ்.டி.டி. பூத் வாசலிலும் அதே கேள்வி. அதே பதிலை இன்னும் உரக்கச் சொன்னாள். சரிவு முடிந்ததும் கார் நின்றுவிட்டது. பல்லைக் கடித்துத் தள்ளினாள், செருப்பு வழுக்கியதே தவிர சக்கரம் நகரவில்லை. சரவணன் ஓடி வந்தான். அவனுக்குப் பின்னாலேயே சின்னாத்தாள்.

"சரவணா, தொடாத கண்ணு! உனக்குத்தான் ஆகாதுன்னாரு!"

"இவ பஸ்ஸுல தொங்குனப்ப எந்த மூலைங்கம்மா வந்து புடிச்சுக்கிச்சு? நவுருங்க" என்று அவன் டிக்கியில் கை வைத்தான். இந்த முறை ஊருக்கே கேட்டது.

கார் ஷெட்டுக்குள் போய் நின்றபோது வீதியில் பாதி ஊர் இருந்தது. குமாரசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தகர நிழல் முடிகிற இடத்தில் நின்றார்.

"நாளைக்குக் கொடுமுடியில முகூர்த்தம். எனக்குக் காரு வேணும்."

"நானே ஓட்டிட்டு வாரேனுங்க மாமா. சாவியக் குடுங்க."

"பொம்பளை ஓட்டி நான் உக்காந்து போறதா?"

"அப்ப நீங்களே வெச்சுக்கங்க. வேற சாவி போட உக்கடத்துல ஆளு இருக்குது."

குமாரசாமி கூட்டத்துக்குள் வெள்ளியங்கிரியைத் தேடினார். அவர் எப்போதோ நழுவியிருந்தார். மாமனார் மடியை அவிழ்த்துச் சாவியை எடுத்து, நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டினார். லோகப்பிரியா பானெட்டில் சாய்ந்தபடி நகரவில்லை.

"உள்ள வந்து குடுங்க மாமா."

அவர் மேலே இரும்பைப் பார்த்தார். அதற்கு நேர் கீழே மகன் பனியனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குத்துக்கல்லாட்டம் நின்றான். தகரம் தலைக்கு மேல் ஒரு முழத்துக்கும் அதிக உயரத்தில் இருந்தும், குமாரசாமி குனிந்துகொண்டே உள்ளே வந்தார்.